புன்னை எண்ணெயும் ஒரு வலைத்துண்டும்

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, இவன் மனம் திருந்திப் புலம்புகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் தனுஷ்கோடி இருந்த அதே தீவில், அக்காள்மடத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் எஞ்சின் டிரைவராக இருந்தேன். சொந்த ஊர் கடலாடிப் பக்கம். வானம் பார்த்த பூமி. மூன்று வருஷத்துக்கு ஒரு வருஷம் விளைந்தால் பெரிய காரியம். மதுரையில் ஒரு மில்லில் எஞ்சின் வேலை பழகிக்கொண்டு தீவுக்கு வந்து சேர்ந்தேன். பேக்டரிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் என் மனைவியைக் கூட்டிவந்து குடிவைத்திருந்தேன். அவள் அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். மறுபடி ஊருக்குப் போய் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எஞ்சின் சீமைச் சரக்கு. ஒற்றை சிலிண்டர், ஆள் உயரச் சக்கரம். அது டைனமோவைச் சுற்றும். டைனமோவிலிருந்து வரும் கரண்டில்தான் ஐஸ் மெஷின், ஆழ்கிணற்று மோட்டார், நாலைந்து பல்பு எல்லாம் ஓடும். எங்கள் பக்கம் அப்போது கரண்டுக் கம்பி வந்திருக்கவில்லை. ஆகவே எஞ்சின் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதைத் துடைப்பதும், எண்ணெய் போடுவதும், சத்தம் கேட்டே அதன் சுகவீனத்தைக் கண்டுபிடிப்பதும் என் வேலை. என்னைத் தவிர வேறு யாரையும் நான் அதைத் தொட விட்டதில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்குள் ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட சாரமுமாக ஒரு ஆள் நுழைந்து, கேட்காமல் கொள்ளாமல் என் எஞ்சினின் புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார். முதலாளியின் தங்கை மாப்பிள்ளை. இந்தக் கரையில் பிறந்தவர்தான். ஆனால் எட்டு வயதிலேயே வாப்பாவோடு கொழும்புக்குப் போய், அங்கேயே வளர்ந்து, ஏதோ ஒரு எண்ணெய் மில்லில் எஞ்சின் பார்த்தவர். அங்கே ஏதோ குடியுரிமைக் காகிதத் தகராறில் இருக்க முடியாமல் திரும்பி வந்திருந்தார். கரையோர முஸ்லிம்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். வேலையில்லாமல் மச்சான் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன மரியாதை இருக்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்காக என் எஞ்சினைத் தட்டிப் பார்க்கலாமா?

எல்லோரும் அவரைக் கொழும்பார் என்றுதான் சொன்னார்கள். வாயைத் திறந்தால் கொழும்புதான். கொழும்பில் இப்படி, கொழும்பில் அப்படி. சட்டைப் பையில் ஒரு நோட்டும், எச்சில் தொட்டு எழுதும் காப்பிப் பென்சிலும் வைத்திருப்பார். நான் எஞ்சினைக் கிளப்பும்போது பக்கத்தில் நின்று மணி பார்த்து எழுதுவார். எனக்கு மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும். என்னை அதட்டிப் பேசியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சண்டைக்குக் காரணம் டீசல். டீசல் பீப்பாய் கூட்ஸ் வண்டியில் பாலம் தாண்டி வர வேண்டும். மண்டபத்திலேயே வேகன் நின்றுவிடும். காற்று பலமாக அடித்தால் பாலத்தில் வண்டி விட மாட்டார்கள். பீப்பாய் வராத நாட்களில் எஞ்சினுக்கு முன்னால் நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம். வெளியே மீன்காரப் பெண்கள் கூடையோடு நின்று எங்கள் ஏழு தலைமுறையையும் ஏசுவார்கள். ஐஸ் இல்லாமல் மதுரைக்கு மீன் அனுப்ப முடியாது.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது கொழும்பார் முதலாளியிடம் சொன்னார்.

"மச்சான், இங்கன புன்னை எண்ணெய்க்கு என்ன பஞ்சமா? கொழும்புல நாங்க தேங்காயெண்ணெயில எஞ்சின் ஓட்டியிருக்கோம். டீசல் வராட்டி என்ன, எண்ணெய ஊத்தி ஓட்டலாம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "இது என்ன முதலாளி, அடுப்பா? கண்ட எண்ணெயையும் ஊத்தி வட சுடுறதுக்கு? இந்த எஞ்சின் எண்ணெயில ஓடுன அன்னைக்கு நான் ஸ்பேனரக் கீழ வச்சுட்டு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன்."

முதலாளி சிரித்தார். "சொன்ன சொல்ல மாத்தப்புடாது டிரைவரே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஐஸ் உடைக்கிற ஆட்கள் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. என் வாயால் என் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். இரவில் என் மனைவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் டீசல், ஒரு வாரம் எண்ணெய், இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முதலாளி முடிவு செய்தார். முதல் வாரம் நான் ஓட்டினேன். டீசலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? விடியற்காலைக் குளிரிலும் இரண்டு சுற்றில் பற்றிக்கொள்ளும். 'டமார் டமார்' என்று இடிக்கும், கறுப்புப் புகை கக்கும், தொட்டவன் கையிலும் சட்டையிலும் அந்த வாடை ஒரு வாரம் இருக்கும். ஆனால் சொன்ன வேலையைச் செய்யும். கொழும்பார் ஒரு மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். புகையின் நிறத்தைக்கூட எழுதினார்.

அடுத்த வாரம் அவர் முறை. புன்னை எண்ணெய் குளிரில் கெட்டியாக இருக்கும், அதில் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் அதற்கு வழி வைத்திருந்தார். ஒரு செம்புக் குழாயைப் புகைக்குழாயின் மேல் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினார். எண்ணெய் அதன் வழியாகப் போகும்போது சூட்டில் இளகி டீசல் போலத் தண்ணியாகிவிடும். எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்புக்கு முன்னால் ஒரு பித்தளைத் திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் டீசல், அந்தப் பக்கம் திருப்பினால் எண்ணெய். காலையில் டீசலில் கிளப்புவார். சூடேறியதும் எண்ணெய்க்குத் திருப்புவார். சாயங்காலம் நிறுத்துவதற்குக் கால் மணி முன்னால் மறுபடி டீசலுக்குத் திருப்பி, குழாயிலும், சிலிண்டருக்குள் பீச்சும் நாசிலிலும் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டு நிறுத்துவார்.

ஓடியது. என் எஞ்சின் புன்னை எண்ணெயில் ஓடியது.

நான் நின்று பார்த்தேன். எங்கேயாவது தடுக்கும், எங்கேயாவது இருமும் என்று காத்திருந்தேன். இருமவில்லை. சொல்லப்போனால் இடி குறைந்து சத்தம் மெத்தென்று ஆகிவிட்டது. கறுப்புப் புகை போய் வெளுத்த புகை வந்தது. பேக்டரியைச் சுற்றி ஏதோ கல்யாண வீட்டில் பலகாரம் போடுகிற வாடை. தெருநாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் படுத்துக்கொண்டன. எண்ணெய் டீசலைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது. ஐஸ் பாளம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு குறைந்தது. நாசிலில் கரி சேர்ந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் நான் முதலாளியிடம் ஓடி ஓடிச் சொன்னேன். கொழும்பார் அதற்கு முன்பே நோட்டைத் திறந்து இதையெல்லாம் தாமே சொல்லியிருந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் பிடித்திருக்கலாம்.

வியாழக்கிழமைக்குள் எனக்குப் புரிந்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன். ஐஸ் உடைக்கிறவன் ஒருவன், "என்ன டிரைவரே, மண்டபத்துல கடலாடி பஸ்சு எப்பண்டு கேட்டு வைக்கவா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அது வத்தை என்கிற மீன்பிடிப் படகுகளுக்கு எண்ணெய் பூசுகிற காலம். எங்கள் பேக்டரிக்குப் பக்கத்து மணலிலேயே வத்தைகளைக் கரையேற்றிக் காயப்போட்டிருந்தார்கள். புன்னை எண்ணெயில் குங்கிலியம் என்கிற மரப்பிசினைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி, மரத்தில் பூசுவார்கள். காய்ந்ததும் இறுகித் தோல் மாதிரி ஆகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குங்கிலியம் போட்ட எண்ணெய் டின்னின் பிடியில் ஒரு பழைய வலைத்துண்டைக் கட்டிவிடுவார்கள். யாராவது தெரியாமல் எடுத்து விளக்குக்கு ஊற்றிவிட்டால் திரி கட்டையாகிவிடும் அல்லவா, அதற்காக. கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். நான்கு வருஷம் அங்கே இருந்த எனக்கும் தெரியும். எட்டு வயதில் கப்பலேறியவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை செக்கிலிருந்து மாட்டுவண்டி வந்தது. எங்களுக்கும் வத்தைக்காரர்களுக்கும் ஒரே செக்கு, ஒரே வண்டி. அவர்களில் சிலர் செக்கடியிலேயே குங்கிலியம் போட்டுக் காய்ச்சி அனுப்பச் சொல்வார்கள். வண்டிக்காரன் எங்கள் டின்களை இறக்கும்போது வத்தைக்காரர்களுடைய ஒன்றையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போய்விட்டான். அதன் பிடியில் வலைத்துண்டு கட்டியிருந்தது. கொழும்பார் வந்தார். முதலில் கைக்கு வந்த டின்னே அதுதான். வலைத்துண்டு கையில் உறுத்தியது போலிருக்கிறது, அவிழ்த்து ஜன்னல் ஓரம் போட்டுவிட்டு, டின்னைத் தூக்கி எண்ணெய்த் தொட்டியில் கவிழ்த்தார். குங்கிலிய வாடை வந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் முதலாளி பேக்டரி முழுக்கச் சாம்பிராணி போடச் சொல்வார். அந்தப் புகையில் இந்த வாடையை யார் கண்டார்கள்?

நான் கண்டேன். மூன்று அடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

டீசலில் கிளப்பி, சூடேறியதும் எண்ணெய்க்குத் திருப்பினார். மதியம் வரை ஓடியது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் சட்டையை மாற்றி, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தொழுதுட்டு வாரேன். சத்தம் மாறுச்சுண்டா டீசலுக்குத் திருப்பிருங்க. மத்தத நான் வந்து பாக்குறேன்."

"சரி" என்றேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. எனக்கு முன்னால் அதைக் கேட்டிருக்கக்கூடியவர் அந்தத் தீவில் யாரும் இல்லை. ஒரு அடி தவறியது. பிறகு நாலு அடி சரியாக விழுந்தது. பிறகு இரண்டு தவறியது. பித்தளைத் திருகு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திருப்ப ஒரு விரல் போதும். டீசல் பாய்ந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். நான் முக்காலியில், அவர் உட்காரும் அதே முக்காலியில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்புகள் சிவந்தன. எஞ்சின் மூச்சுத் திணறியது. நான் நாலு வருஷம் துடைத்து வைத்த எஞ்சின். அதன் சத்தத்தைக் கேட்கச் சகிக்கவில்லை. என்றாலும் எழுந்திருக்கவில்லை. சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றி, ஒருமுறை பின்னுக்கு ஆடி நின்றது.

தொழுகை முடிந்து கொழும்பார் ஓடிவந்தபோது வாசலில் மீன்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். நல்ல வெயில். அன்று சீலா மீன் நிறைய விழுந்திருந்தது. சாயங்கால ரயிலுக்கு ஐஸ் இல்லை. அந்தப் பெண்கள் அவரை ஏசிய ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. "எண்ணெய ஊத்தி எஞ்சினக் கொன்னுட்டானே, இவன் கை வெளங்குமா?" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாசிலைக் கழற்றினார். கறுப்பாக, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. பம்பின் உள்தண்டு அசையவே இல்லை. மீன் முழுவதும் நாறிப்போய், மறுநாள் மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். நானும் ஒரு மண்வெட்டியோடு போய் நின்றேன், நல்லவன் மாதிரி.

முதலாளி அதட்டவில்லை. "மச்சான், நீங்க இனிமே எஞ்சின் ரூம் பக்கம் வர வேணாம்" என்று மட்டும் சொன்னார், எல்லோருக்கும் முன்னால். அதைவிட அதட்டியிருக்கலாம்.

நான் ஒன்பது நாள் உட்கார்ந்து குங்கிலியத்தைச் சுரண்டி எடுத்தேன். மதுரைக்கு ஆள் அனுப்பிப் பம்பு வாங்கி மாட்டினேன். எஞ்சின் டீசலில் பழையபடி இடித்துக்கொண்டு ஓடியது. ஊருக்கு பஸ் எப்போது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பத்தாம் நாளோ என்னவோ, கொழும்பார் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில், ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்த அந்த வலைத்துண்டு. வத்தைக்காரர்கள் தங்கள் டின்னைத் தேடியபோது விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இது என்னண்டு இங்கன எல்லாருக்கும் தெரியுமாமே" என்றார். "உங்களுக்குத் தெரியுமா?"

"நான் கரிசக்காட்டு ஆளு. வலையப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்?"

"சத்தம் மாறுனது கேக்கலையா?"

"கேக்கல."

"நீங்க கேக்கலைண்டு சொன்னா யாரு நம்புவா?" என்றார். பிறகு வலைத்துண்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். இதை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. சொன்னாலும் மச்சான் நம்ப மாட்டார் என்று நினைத்திருப்பார். அந்த மாதமே எப்படியோ ஏற்பாடு செய்துகொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறிவிட்டார். அவர் வீட்டாள், முதலாளியின் தங்கை, இங்கேயே அண்ணன் வீட்டிலேயே இருந்தது. எப்போதாவது கடிதம் வருமாம். எனக்கு மகன் பிறந்தான். செம்புக் குழாயைப் புகைக்குழாயிலிருந்து நான் கழற்றவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு சில வருஷங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த மார்கழி வந்தது. புயலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. பேக்டரியின் கூரையில் பாதி பறந்துவிட்டது. மேடையில் இருந்ததால் எஞ்சினும் டைனமோவும் தப்பின. கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. எங்கள் ஆழ்கிணறு ஒன்றில்தான் வாயில் வைக்கிற மாதிரித் தண்ணீர். வீடிழந்து வந்தவர்களும் ஊர்க்காரர்களுமாகக் குடத்தோடு வாசலில் வரிசை நின்றார்கள். மோட்டார் ஓட எஞ்சின் வேண்டும், எஞ்சினுக்கு டீசல் வேண்டும். பீப்பாயின் அடியில் இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. பாலம் உடைந்து கிடந்தது. டீசல் எங்கிருந்து வரும்?

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கரைக்குப் போனேன். வத்தைகள் சுக்கல் சுக்கலாகக் கிடந்தன. பூசுவதற்கு வாங்கி வைத்த எண்ணெய் மட்டும் சில குடிசைகளில் டின் டின்னாக இருந்தது. பூச வத்தை இல்லை. கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொரு டின்னின் பிடியையும் நான் தடவிப் பார்த்தேன். வலைத்துண்டு கட்டியதை விட்டுவிட்டு மற்றதைத் தூக்கிவந்தேன். கட்டாததையும் திறந்து மோந்து பார்த்தேன்.

கிளப்பும்போது டீசல். சூடேறியதும் எண்ணெய். நிறுத்துவதற்குக் கால் மணி முன்னால் டீசல். நாசில் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒன்றையும் நான் மறந்திருக்கவில்லை. மிச்சமிருந்த அந்தக் கொஞ்சம் டீசலை வைத்து, புன்னை எண்ணெயில் எஞ்சின் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியது, படகில் டீசல் வந்து சேரும் வரை. பலகார வாடை அடித்தது. அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றியவளும் குடத்தோடு வரிசையில் நின்றாள்.

ஒருநாள் முதலாளி என் தோளில் கையைப் போட்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பாத்தீகளா? அன்னைக்கி அவன் ஊத்துனப்ப எஞ்சின் செத்துப்போச்சு. இன்னைக்கி நம்ம டிரைவரு ஊத்துனா ஊருக்கே தண்ணி வருது. எல்லாத்துக்கும் கைராசின்னு ஒண்ணு வேணும்ல?"

"ஆமா முதலாளி" என்றேன்.

வரிசையில் முதலாளியின் தங்கையும் நின்றிருந்தது. புயலில் அவர்கள் வீட்டுக் கிணறும் கெட்டுப்போயிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்தபடி எஞ்சின் ரூம் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தச் செம்புக் கொழா, அவுக சுத்துனதுதானே?" என்று கேட்டது.

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏற்கனவே ஒருமுறை அப்படிச் சொன்னவன்தான்.

"பழைய கொழாம்மா" என்றேன். "சும்மா கெடந்துச்சு."

அது தன் முறை வந்ததும் குடத்தை நிறைத்துக்கொண்டு போய்விட்டது. நான் உள்ளே போய், நிறுத்தும் நேரமாகிவிட்டதால், திருகை டீசலுக்குத் திருப்பினேன்.